கருப்புத் தூளில் தங்கம்

எத்திராஜின் பயோடீசல் கம்பெனி, உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரையோடு நின்றது. சென்னை ஓட்டல்களில் வடையும் பூரியும் பொரித்துக் கருத்துப்போன எண்ணெயை லாரியில் ஏற்றி வந்து, டீசலாக்கி விற்பது அவர் தொழில். டீசல் நன்றாகவே விற்றது. அதோடு கூடவே வருகிற கிளிசரால்தான் தலைவலி. பழுப்பு நிறத்தில், வெல்லப்பாகு பதத்தில், நீல டிரம்களில் நிரம்பிப் பின்கொட்டகையை அடைத்துக்கொண்டு கிடந்தது. சோப்புக்காரர்களைக் கேட்டால், "எங்ககிட்டயே எக்கச்சக்கமா கீது சார்" என்று கையை விரித்தார்கள்.

அதற்கு ஒரு வழி பண்ணத்தான் ஏலவார்குழலி வேலைக்கு வந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண். தறி நெய்கிற குடும்பத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள். கிளிசராலை ஆக்சிஜனோடு சேரவைத்துக் கிளிசரிக் அமிலமாக்கினால், முகத்துக்குப் பூசுகிற கிரீம் செய்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று எத்திராஜிடம் சொன்னாள். சும்மா சேர்த்தால் சேராது, இடையில் ஒரு தரகர் வேண்டும், அந்தத் தரகர் தங்கம் என்றாள். எத்திராஜ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"கட்டித் தங்கம் இல்ல சார். கண்ணுக்கே தெரியாத பொடியாக்கி, கரித்தூள் மேல ஒட்ட வைக்கணும். அவ்வளவு சின்னதா ஆனாத்தான் அது வேலை செய்யும். வேலை முடிஞ்சதும் தூளை வடிகட்டி எடுத்துக்கலாம், தங்கம் எங்கயும் போயிடாது."

ஆலோசித்து ஆலோசித்து அவர் ஒப்புக்கொண்டார். ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுப் பாத்திரம் வந்தது. அதை இயக்க மானாம்பதிக்காரன் பார்த்திபனை அவளோடு விட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன், சுறுசுறுப்பானவன். கருப்புத் தூளை முதல்முறை பார்த்தபோது, "இன்னா மேடம், அடுப்புக்கரி மாதிரி கீது. இதுல தங்கம் எங்க கீது?" என்று கேட்டான்.

"இருக்குது பார்த்திபன், நம்புங்க."

அவன் நம்பினான். நம்பினதோடு நிற்காமல், ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, "நான் டெய்லி தங்கத்தோட வேல பாத்துக்கினு கீறேன், தெர்மா?" என்று பெருமையும் அடித்தான். தூள் வைத்திருந்த அலமாரியின் சாவி அவனிடம்தான் இருந்தது.

முதல் தூள் நன்றாக வேலை செய்தது. கிளிசராலும் தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் கலந்து, தூளைப் போட்டு மூடி, ஆக்சிஜனை அழுத்தி ஏற்றிச் சூடுபடுத்தினால், ஆக்சிஜன் உள்ளே செலவாகச் செலவாக அழுத்தம் காட்டும் முள் இறங்கும். அந்த முள் இறங்குவதைப் பார்க்க எத்திராஜ் தன் மனைவியைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்தார். பெங்களூரில் ஒரு கிரீம் கம்பெனி, நேரில் வந்து பார்க்கிறோம் என்றது. அதற்காக இரண்டாவது தூள் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் காலை குழலிக்கு நன்றாக நினைவிருந்தது, வேண்டாம் என்றாலும். தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாள், இளமஞ்சளாக. பக்கத்தில் இரண்டு பீக்கரில் பசைக் கரைசல். தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விலக்கி வைப்பது அந்தப் பசைதான். முதல் பீக்கரை ஊற்றினாள். அப்போது எத்திராஜின் போன் வந்தது. பெங்களூர்க்காரர்கள் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வருகிறார்களாம். முடியாது சார் என்று அவள் சொல்ல, முடியணும் மேடம் என்று அவர் சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, கரைந்த தங்கத்தைத் துகளாக்குகிற அடுத்த மருந்தைக் கொட்டிவிட்டாள்.

திரவம் மாதுளைச் சாறு மாதிரி சிவக்க வேண்டும். சிவந்தது. அவள் பேச்சை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாவற்பழச் சாறாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டாவது பீக்கர் ஊற்றப்படாமல் அப்படியே மேசை மேல் இருந்தது.

துகள்கள் கூடிக் கட்டியாகிவிட்டன என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குப்பியில் இருந்த தங்க உப்பு முழுவதும் அதற்குள் போயிருந்தது. இன்னொரு குப்பி வாங்கித் தாருங்கள் என்று எத்திராஜிடம் கேட்கப் போகும் காட்சி கண்முன் வந்தது. ஓரளவுக்காவது வேலை செய்யுமே என்று ஒரு நப்பாசை. கரித்தூளை எடுத்துக் கொட்டினாள். கரி எல்லா நிறத்தையும் உறிஞ்சிக்கொண்டது. மேலே தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. அடியில் படிந்த கருப்பு, போன தடவை இருந்த அதே கருப்பு. பார்த்திபன் வந்து வடிகட்டி, உலர்த்தி, ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள். பாத்திரத்தைச் சுற்றி நின்று முள்ளைப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. பார்த்திபன் வால்வுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். சட்டை முழுக்க வியர்வை. மதியச் சாப்பாட்டுக்கு மேலும் முள் அதே இடத்தில் நின்றது. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

சுகுமார் எத்திராஜின் மைத்துனன். கம்பெனி நிர்வாகம் அவன் கையில். அன்று சாயங்காலம் ஆபீஸ் அறையில் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"போன வாட்டி வேல செஞ்சுது. இந்த வாட்டி செய்யல. அதே மேடம், அதே மெஷின். அப்ப தூள்தான மாறிகீது? கரிக்கும் கரிக்கும் யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?"

பார்த்திபன் கதவோரமாக நின்றிருந்தான். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை.

எத்திராஜ் குழலியிடம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. தூள யாராவது மாத்தியிருக்க சான்ஸ் கீதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் வேலை செய்யவில்லை என்பதாக இருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த 'இல்லை'.

"சொல்ல முடியாது சார்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. பார்த்திபன் மளமளவென்று தன் சாப்பாட்டுப் பையை மேசை மேல் கவிழ்த்தான். டிபன் டப்பா, துண்டு, வண்டிச் சாவி. அவனை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "பாத்துக்கோங்க சார். வூட்டுக்கு வேணா வாங்க, வந்து தேடிப் பாருங்க."

"இன்னும் வூட்லயா வச்சிருப்ப?" என்றான் சுகுமார்.

எத்திராஜ் கெட்ட மனிதர் இல்லை. "போலீசுக்கெல்லாம் போவ வேணாம். புள்ளகுட்டிக்காரன். நாளைலேருந்து வராதப்பா, போ" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் பார்த்திபனைத் திருடனாக முடிவு செய்தது. போலீஸ் வந்திருந்தால் விசாரணை என்று ஒன்றாவது நடந்திருக்கும்.

குழலி தனக்குத் தானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டாள். நான் அவனைத் திருடன் என்று சொல்லவே இல்லையே. ஒரகடம் பக்கம் எத்தனையோ கம்பெனிகள், கெட்டிக்காரன், வேலை கிடைத்துவிடும். இந்தப் பரபரப்பு அடங்கட்டும், எத்திராஜிடம் பக்குவமாகச் சொல்லலாம். இப்படியே நாட்கள் போயின.

எத்திராஜ் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு குப்பி தங்க உப்பு வாங்கித் தந்தார். இந்தத் தடவை போனை அணைத்து வைத்துவிட்டு, இரண்டு பீக்கரையும் ஊற்றி, சிவப்பு நிலைத்து நின்றதைப் பார்த்த பிறகே கரியைப் போட்டாள். தூள் அருமையாக வேலை செய்தது. முள் சரசரவென்று இறங்கியது. சுகுமார் கைதட்டினான்.

"பாத்தீங்களா மாமா? அவன் போனதும் தங்கம் வேல செய்யுது!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். குழலியும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சரியாகச் செய்த வேலையே அவன் மேல் இன்னொரு சாட்சியாகப் போய்விட்டது.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒரு நாள் காலை, காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கியவளை ஒரு பெண் வழிமறித்தாள். சேலை கசங்கியிருந்தது. கையில் மஞ்சள் பை.

"மேடம், நான் இளவரசி. பார்த்திபன் சம்சாரம்."

"சொல்லுங்கம்மா."

"அவரு அரிசி ஆலையில மூட்ட தூக்கிக்கினு கீறாரு மேடம். கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கிட்டாரு. எங்க போனாலும் பழைய எடத்துக்கு போன் போட்டுக் கேக்கறாங்க. அந்தாளு சுகுமாரு எடுத்துப் பேசறாரு, அத்தோட முடிஞ்சுது." ஓரம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "அடகுல கெடந்த என் கம்மல அந்த மாசந்தான் மீட்டோம். எங்கம்மா போட்ட கம்மல் அது. ரேஷன் கடையில நின்னா எல்லாரும் என் காதையே பாக்கறாங்க. கழட்டி வச்சிட்டேன். கழட்டினா, பாரு பயந்துட்டான்னு பேசறாங்க. பேஜாரா கீது மேடம்."

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அது போகும்வரை இளவரசி காத்திருந்தாள்.

"நீங்க படிச்சவங்க. அந்தத் தூள்ள தங்கம் கீதா இல்லயான்னு பாக்க வழி இல்லயா? அவரு அடிக்கடி சொல்லுவாரு, எல்லாரும் திருடன்னாங்க, மேடம் மட்டுந்தான் என்ன அப்டி ஒரு வார்த்த சொல்லலன்னு. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

குழலி ஏதோ சொன்னாள். பார்க்கிறேன் என்றோ, செய்கிறேன் என்றோ. என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. கம்பெனிக்கு நடந்து போகும் வழியெல்லாம், அவன் தன் வீட்டில் உட்கார்ந்து தன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த சித்திரம் கூடவே வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பழைய ஜாடி அலமாரியின் அடித்தட்டில் அப்படியே இருந்தது. அதிலிருந்து சில கரண்டித் தூளை எடுத்து, சூடு தாங்குகிற மூசைக் கிண்ணத்தில் போட்டு உலையில் வைத்தாள். காற்று பட, சூடு ஏற ஏற, கரி எரிந்து புகையாகப் போகும். தங்கம் எரியாது. மத்தியானம் மூசையை வெளியே எடுத்து ஆறவைத்தபோது, கருப்பு முழுவதும் போய், அடியில் பழுப்பாக ஒரு சிட்டிகை பொடி மிஞ்சியிருந்தது. வெள்ளை ஓட்டின் மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். மஞ்சளாக மின்னியது. அங்கே இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான்.

எத்திராஜ் தன் பேச்சை நம்பினாலும் சுகுமார் நம்ப மாட்டான். பொடியை ஒரு சிமிழில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் கடைத்தெருவில் நகை செய்கிற பத்தரிடம் போனாள். அவர் வெங்காரம் சேர்த்து ஊதி உருக்கினார். கடுகளவில் ஒரு மணி உருண்டு நின்றது. கல்லில் உரைத்துப் பார்த்தார்.

"நல்ல தங்கம்மா. எதுல இருந்து எடுத்த?"

"கரியிலேருந்து" என்றாள். அவர் தலையை ஒரு மாதிரியாக ஆட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அந்த மணியை எத்திராஜின் மேசை மேல் வைத்தாள். சுகுமாரும் அங்கேதான் இருந்தான்.

"இது அந்த வேலை செய்யாத தூள்ல இருந்து எடுத்தது சார். கொஞ்சந்தான் எரிச்சேன். மீதியையும் எரிச்சா நீங்க வாங்கித் தந்த தங்கம் மொத்தமும் வந்துடும். யாரும் எதையும் மாத்தல."

"அப்ப ஏன் வேல செய்யல?" என்றான் சுகுமார் உடனே.

அவள் பயந்திருந்த கேள்வி அதுதான். வந்தேவிட்டது. போனைத் தோளில் இடுக்கியது முதல், நிறம் மாறியதைப் பார்த்தும் கரியைக் கொட்டியது வரை சொன்னாள். துகள்கள் கட்டியாகிவிட்டதால் தங்கம் இருந்தும் பயனில்லாமல் போனது என்றாள். பார்த்திபனைப் பற்றிக் கேட்ட அன்று தனக்கு இது தெரியும் என்றும் சொன்னாள்.

எத்திராஜ் மணியை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா மேடம் ஆயிருக்கும்? நான் ரெண்டு வார்த்த கத்தியிருப்பேன். அவ்ளோதான?"

அவள் தலை குனிந்தாள். அவ்வளவுதான் ஆகியிருக்கும். அதற்குப் பயந்துதான் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினாள்.

"அவன வரச் சொல்றேன். நீங்க நாளையோட நின்னுக்கோங்க" என்றார் எத்திராஜ். சுகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அரிசி ஆலையில் பார்த்திபன் உமித் தூசிக்கு நடுவே நின்றிருந்தான். தலையிலும் புருவத்திலும் உமி. அவளைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா மேடம், இவ்ளோ தூரம்? உக்காருங்க" என்று ஒரு சாக்கைத் தட்டிப் போட்டான். அவள் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

கேட்கக் கேட்க அவன் முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. தங்கம் இருக்கிறது, பத்தர் உரைத்துப் பார்த்துவிட்டார், எத்திராஜ் கூப்பிடுகிறார் என்பதுவரை. பிறகு அந்த வெளிச்சம் வடிந்தது.

"எப்பத் தெரியும் மேடம் உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும் பார்த்திபன்."

"நான் பைய கொட்டினேனே, அப்பவா?"

"ஆமா."

உள்ளே இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அது போதும்னு நெனச்சிக்கினு கீறேன் இத்தன நாளா. உங்களுக்கும் தெரியும்னுதான் எனக்குத் தெரியாம போச்சு." துண்டை உதறிக்கொண்டே, "வூட்ல உங்கள நல்லவங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்" என்றான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தபின் அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்க. ஆபீசுலயா என் பொண்டாட்டி தண்ணி புடிக்கப் போறா? எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க. காலைல பால் சொசைட்டிக்கு எல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மானாம்பதிக்குப் போனாள். பால் சொசைட்டி வாசலில் கேன்களும் தூக்குகளுமாக வரிசை நின்றது. கம்பெனி மேடம் வந்திருக்கிறாள் என்று கசமுசா எழுந்தது. பார்த்திபன் சுவரோரமாகக் கைகட்டி நின்றான். இளவரசி தன் தூக்கோடு வரிசையின் நடுவில் இருந்தாள்; குழலியைப் பார்த்தும் பார்க்காதவள் போல நின்றாள்.

மாநாடுகளில் மைக்கில் பேசியவள்தான் குழலி. அங்கே பாதிக்கு மேல் குரல் எழும்பவில்லை. "கம்பெனியில தங்கம் காணாமப் போச்சுன்னு பார்த்திபன் மேல பழி போட்டாங்க. தங்கம் காணாமப் போகல. அது தூள்லயேதான் இருக்குது. தப்பு பண்ணது நான். கலக்கும்போது நான்தான் கெடுத்துட்டேன். அவரு எதையும் எடுக்கல."

பால் அளக்கிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், "அப்ப இந்தப் பையன் எடுக்கலயா?" என்றார்.

"எடுக்கல."

"பின்ன ஏம்மா அப்பவே சொல்லல?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

பெரியவர் காத்திருந்து பார்த்துவிட்டு வாயை ஒரு தினுசாகச் சுழித்துக்கொண்டு திரும்பினார். பின்னால் யாரோ, "எதுனா குடுத்து சொல்லச் சொல்லியிருப்பான்" என்றார்கள். இன்னொருவர், "சும்மா இருடா, அந்தம்மாவுக்கு வேலையே போயிடுச்சாம், அவளுக்கு இன்னா குடுத்துடப்போறான் இவன்" என்று அதட்டினார். வரிசைக் கடைசியில் காது மந்தமான ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"இன்னாடி சொல்றா?"

"பார்த்திபன் எடுக்கலயாம்."

"யாரு பாத்தாங்களாம்?"

"அந்தம்மாவுக்கே மொதல்லேருந்து தெரியுமாம்."

"மொதல்லேருந்தா?" என்று கிழவி சத்தமாகக் கேட்டாள். அது எல்லார் காதிலும் விழுந்தது. இளவரசி அப்போதுதான் குழலியை நேராகப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. பஸ் நிலையத்தில் அன்று கேட்ட கேள்விக்கு இவள் என்ன முகத்தோடு நின்றாள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பது போல இருந்தது. பிறகு அவள் முறை வந்தது. பாலை ஊற்றிவிட்டு வெற்றுத் தூக்கோடு வீட்டுப் பக்கம் நடந்தாள். வழியில் ஒருத்தி அவளோடு சேர்ந்துகொண்டு தோளைத் தொட்டு ஏதோ பேசிக்கொண்டே போனாள்.

வரிசை மெல்லக் கரைந்தது. பார்த்திபன் சுவரை விட்டு வந்தான். எத்திராஜ் நேற்றே போன் பண்ணிவிட்டாராம். வேலைக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, சுகுமார் முகத்தில் தினமும் விழிக்க வேண்டுமே என்றான். குழலியிடம் சொல்கிறவன் போல இல்லாமல் பொதுவாகச் சொன்னான்.

"நான் கெளம்பறேன்" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். அவள் இரண்டடி எடுத்து வைத்ததும், "மேடம்" என்று கூப்பிட்டான்.

"பாதிப் பேரு காலைல வரமாட்டாங்க. மேலத்தெரு ஆளுங்க சாயந்தரந்தான் பால் ஊத்துவாங்க. ரேஷன் கடையில பேசினது அவங்கதான்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று கம்பெனியில் ஒப்படைக்க வேண்டிய சாவிகள் அவள் பையில் இருந்தன.

"சாயந்தரமும் வரேன் பார்த்திபன்" என்றாள்.

வந்தாள். காலையில் பேசியதைவிடச் சத்தமாகவே பேசினாள்.